கூப்பிட்டது கூப்பிட்டதுதான்

தாமோதரனின் தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. இருந்தாலும் காலையிலிருந்து கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, யார் என்ன கேட்டாலும் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் அம்மன் கோயில் மைக்கில் அவன் பேசியாக வேண்டும். பேசாமல் தப்பிக்க அவன் தீட்டிய சதித்திட்டம் இவ்வளவுதான். ஊரை விட்டு ஓடுவது, உண்மையைச் சொல்லிவிடுவது போன்ற பெரிய திட்டங்களையும் யோசிக்காமல் இல்லை. அவற்றுக்கெல்லாம் தைரியம் என்று ஒரு சாமான் தேவைப்பட்டது. மஃப்ளர் என்றால் வீட்டிலேயே இருந்தது.

அவன் மனைவி காந்தா மிளகையும் சுக்கையும் தட்டிப்போட்டு ஒரு கஷாயம் வைத்துக்கொண்டு வந்தாள். அதில் இருந்த காரம் வைத்தியத்துக்கு வேண்டிய அளவைத் தாண்டி, தண்டனைக்கு வேண்டிய அளவில் இருந்தது. கத்த முடியாது, குரல் போனவன் அல்லவா. கண்ணில் நீர் வழியக் குடித்து முடித்தான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்றாள்.

வேண்டாமென்று அவசரமாகத் தலையாட்டினான்.

"அந்த சாமிகிட்டயும் பயம், இந்த சாமிகிட்டயும் பயம். உன்ன வெச்சிகினு ரெண்டு சாமியும் இன்னாதான்யா பண்ணும்?"

பதில் சொல்ல முடியாததற்குத் தொண்டை ஒரு சாக்காக அமைந்ததில் தாமோதரனுக்கு மிகவும் நிம்மதி.

அவர்கள் ஊர் கொக்குமேடு, பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கும் ஒரு மணல்திட்டு. படகில்லாமல் அங்கே வரவும் முடியாது, அங்கிருந்து போகவும் முடியாது. டெல்லியில் ஓர் அரசாங்கமும் சென்னையில் ஓர் அரசாங்கமும் இருப்பது கொக்குமேட்டுக்காரர்களுக்கு டி.வி. மூலம் தெரியும். ஊரை ஆள்வது என்னவோ ஏழு பேர் கொண்ட பஞ்சாயத்துதான். அதற்குத் தலைவர் தருமலிங்கம். ஏரியில் இன்றைக்கு எந்த வீட்டுக்காரர் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஒரு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். அந்தப் பாடு பஞ்சாயத்தின் கையில் இருந்தது. எனவே வயிறும் அவர்கள் கையில் இருந்தது. வேறு போலீஸோ பட்டாளமோ தேவைப்படவில்லை.

தினமும் மாலையில் மறுநாள் வரிசையைக் கோயில் மைக்கில் கூப்பிடுவார்கள். பெயர் கூப்பிட்ட வீடு வலை கட்டும். கூப்பிடாத வீடு கரையில் உட்காரும். கூம்பு ஸ்பீக்கர் வழியாக ஒரு பெயர் வெளியே வந்துவிட்டால் அடுத்த நாள் மாலை வரை தலைவரே நினைத்தாலும் மாற்ற முடியாது. முன்பொரு முறை மாற்றிப் பார்த்தார்கள். பாதிப் பேர் பழையதைக் கேட்டு, பாதிப் பேர் புதியதைக் கேட்டு, ஒரே இடத்துக்கு இரண்டு படகு போய், துடுப்பால் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து கூப்பிட்டது கூப்பிட்டதுதான். ஒரே ஒரு விலக்கு உண்டு. கூப்பிட்டவனே அம்மன் எதிரில் கற்பூரத்தை அணைத்து, வாய் தவறிவிட்டது என்று சத்தியம் செய்தால் அந்த வரிசை செல்லாது, புதிதாகக் கூப்பிடலாம்.

அந்த மைக்குக்கு உரியவன் தாமோதரன். மீன்பிடிப்பதில் அவன் சுமார். அவன் வலைக்கு வருவது வேறு வேலையில்லாத மீன்கள் என்பது காந்தாவின் கருத்து. ஆனால் குரல் கணீரென்று இருக்கும். ஊர் வீடுகள் அத்தனையையும் ஒரு ராகத்தில் மனப்பாடமாக வைத்திருந்தான். நேற்று விட்ட வீட்டிலிருந்து தொடங்கி இழுத்துக்கொண்டே போவான். அக்கரையில் இருக்கும் தோணிரேவு வரைக்கும் கேட்கும் என்று சொல்லிக்கொள்வான். தோணிரேவுக்காரர்கள் யாரும் இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்ட குரலைத்தான் பஞ்சாயத்து உளவுக்கு அனுப்பியது.

ஊரில் மூன்று வீட்டுக்காரர்கள் கிறிஸ்தவர்களாகியிருந்தார்கள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்த ஜெயம்மாவின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கூடி ஜெபம் செய்தார்கள். முதலில் ஊர் முணுமுணுத்தது. பிறகு ஓட்டின் மேல் கல் விழுந்தது. ஜெயம்மாவின் மகன் மனோஜ் காயப்போட்ட வலையை யாரோ நடுவில் அறுத்துவிட்டுப் போனார்கள். கரைக்குப் போய் ஓர் அதிகாரியிடம் முறையிட்டபோது, வீட்டில் கூட்டம் போட அனுமதி வாங்கினீர்களா என்று அவர் இவர்களைக் கேட்டார். வலையை அறுக்க யாரும் அனுமதி வாங்கியதாகத் தெரியவில்லை.

உள்ளே என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, சட்டைப் பையில் செல்போனைப் பதிவில் போட்டுக்கொண்டு தாமோதரன் போய் உட்கார்ந்தான். அவர்கள் பாட ஆரம்பித்தார்கள். சுருதி எங்கெங்கோ போனது. தாமோதரனால் எதைத் தாங்கிக்கொண்டாலும் சுருதி விலகினால் தாங்க முடியாது. எடுத்துக் கொடுத்தான். அப்புறம் கூடவே பாடினான். பதிவைப் போட்டுக் கேட்ட தருமலிங்கம், "இன்னாடா, இதுல உன் குரல் மட்டும்தான் கேக்குது" என்றார். அவர்கள் நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டாமா மாமா என்று தாமோதரன் ஒரு போடு போட்டான். உளவு தொடர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயம்மா அவனைப் பார்த்து, உனக்கு என்ன வேண்டுமோ அதை நீயே கேள் என்றாள். ஊருக்கெல்லாம் பேசுகிறவன் தனக்கென்று பேச வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து கண்ணில் தூசி என்றான். அந்தத் தூசி போகவேயில்லை. மழை தொடங்குவதற்கு முன்னால் உளவாளியாகப் போனவன், மழை விடுவதற்குள் விசுவாசியாகிவிட்டான். ஆனால் ஊரில் அவன் இன்னும் உளவாளிதான். அந்த ஏற்பாடு அவனுக்கு ரொம்ப சௌகரியமாக இருந்தது. அகப்பட்டுக்கொள்ளாமல் ஜெபம் செய்ய ஊர்ச் செலவிலேயே ஒரு வழி வேறு யாருக்குக் கிடைக்கும்?

சௌகரியத்துக்கு முந்தாநாள் முடிவு வந்தது. மூன்று வீட்டையும் தள்ளி வைப்பது என்று பஞ்சாயத்து தீர்மானித்துவிட்டது. அவர்களுக்குப் பாடு கிடையாது, கடையில் சாமான் கிடையாது, பிடித்ததை யாரும் வாங்கக் கூடாது, பேசக் கூடாது. மைக்கில் இதைச் சொல்ல வேண்டியவன் தாமோதரன். மூன்றில் ஜெயம்மா வீடு மட்டும் இன்று மாலை கூப்பிட வேண்டிய வரிசையில் இருந்தது, அதுவும் முகத்துவாரப் பாடு. முகத்துவாரம் திறந்து கடல்தண்ணீர் ஏரிக்குள் ஏறும் நேரம்; இறால் வந்து கொட்டும். அந்த ஒரு நாளை விட்டால் ஜெயம்மாவுக்கு இந்த வருஷம் இல்லை.

மத்தியானம் ஜெயம்மாவே வந்தாள். சவுக்குத் தோப்போரமாக உட்கார்ந்து மஃப்ளருக்குள் வேர்த்துக்கொண்டிருந்த தாமோதரனைப் பார்த்தாள். தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

"தெரியும். காந்தா சொன்னா" என்றாள். காந்தா எந்த மாதிரி சொல்லியிருப்பாள் என்று அவனுக்கும் தெரியும். மஃப்ளரை அவிழ்த்துவிட்டு, "அக்கா, நான் இன்னா பண்றது?" என்றான்.

எங்களோடு சேர்ந்து நீயும் தெருவுக்கு வர வேண்டாம் என்று அவள் தணிந்த குரலில் சொன்னாள். மனோஜுக்குத் துறைமுகத்துப் பக்கம் கூலி வேலை ஏதாவது கிடைக்கும். கோபமெல்லாம் இல்லை. ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு வேண்டும்.

"நீயே சொல்லிடு தாமு. வேற எவனாவது கத்தினா அசிங்கமா இருக்கும். உன் குரல்ல கேட்டா கொஞ்சம் தாங்கிக்குவேன்."

அவள் போன பிறகு தாமோதரன் மறுபடியும் மஃப்ளரைக் கட்டிக்கொண்டான். இந்த முறை முடிச்சு இறுக்கமாக விழுந்தது.

மாலையில் கோயில் வாசலுக்குப் போனபோது தருமலிங்கம் இரக்கத்தோடு பார்த்தார். உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், மோகன்குமார் பேசட்டும் என்றார். மோகன்குமார் தருமலிங்கத்தின் தங்கை மகன். பி.காம். முடித்துவிட்டு, மைக்கையே பார்த்துக்கொண்டு நாளைக் கழிப்பவன். தாமோதரனின் சதித்திட்டம் முழு வெற்றி. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

மோகன்குமார் மைக்கை எடுத்துப் புஸ்ஸென்று ஊதினான். ஒரு விரலால் தட்டினான். "ஹலோ, ஹலோ, பலவேற்காடு ஏரி, கொக்குமேடு கிராம பொதுமக்களுக்கு" என்று ஆரம்பித்தான்.

தாமோதரனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊர்ப் பெயரே வாயில் நுழையாத பயல். நாளைக்கும் இவன்தான், நாளன்றைக்கும் இவன்தான், அப்புறம் என்றைக்கும் இவன்தான். உயிருக்குப் பயந்தவன், பாடு போய்விடும் என்று பயந்தவன், பெண்டாட்டிக்குப் பயந்தவன், மைக் போய்விடுமோ என்ற பயத்தில் அத்தனை பயத்தையும் மறந்தான். மஃப்ளரை உருவி எறிந்தான்.

"குட்றா இங்க" என்றான், கணீரென்று.

கஷாயம் வேலை செய்துவிட்டது என்று தருமலிங்கம் சந்தோஷப்பட்டார். முதலில் வரிசையைக் கூப்பிட்டுவிடு, ஜெயம்மா பெயரை விட்டுவிடு, அப்புறம் தீர்மானத்தைச் சொல் என்றார். தாமோதரன் தலையாட்டினான். கோயில் மதிலுக்கு வெளியே ஜெயம்மாவும் மனோஜும் நிற்பது தெரிந்தது. உள்ளே வரக் கூடாது, காதில் மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

"நாளைக்கு முகத்துவாரப் பாடு" என்று ராகத்தை எடுத்தான். "தேசப்பன் வீடு, கஜேந்திரன் வீடு, இருசம்மாள் வீடு..."

அடுத்தது ஜெயம்மா வீடு. அதைத் தாண்ட வேண்டும். தாண்டினான். தாண்டிக் கால் வைக்க இடம் இல்லை. ஜெயம்மா வீட்டுக்கு அடுத்தது யார்? இத்தனை வருஷமாகத் தினமும் கூப்பிட்ட பெயர். அந்த ஒன்றை உருவியதும் அதற்குப் பின்னால் வருவது எல்லாமே கழன்றுபோனது. இருமினான். முதலிலிருந்து ஆரம்பித்தான். தேசப்பன், கஜேந்திரன், இருசம்மாள். மறுபடியும் அதே இடத்தில் பள்ளம். டீக்கடைப் பக்கம் ஒருவன் சிரித்தான். மோகன்குமார் ஆசையோடு மைக்குக்குக் கை நீட்டினான். அவன் பக்கம் திரும்பாமல், தாமோதரன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ராகத்தை மட்டும் பிடித்தான்.

"தேசப்பன் வீடு, கஜேந்திரன் வீடு, இருசம்மாள் வீடு, ஜெயம்மா வீடு, விஜயராகவன் வீடு, ஜமுனா வீடு..."

மடமடவென்று வந்தது. ஒரு பிசிறு இல்லை. கடைசி வீட்டை இழுத்து நிறுத்திவிட்டு, கண்ணைத் திறந்து, பாராட்டை எதிர்பார்த்துச் சிரித்தான்.

யாரும் சிரிக்கவில்லை. ஸ்பீக்கரில் கொய்யென்ற சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தான் என்ன சொன்னோம் என்பது ஊரில் எல்லோருக்கும் கடைசியாகத்தான் தாமோதரனுக்குப் புரிந்தது.

தருமலிங்கம் கோபப்படவில்லை. எழுந்து வந்து மைக்கை அணைத்தார். தட்டில் கற்பூரம் ஏற்றச் சொன்னார்.

"வாய் தவறிச்சு, அவ்ளோதான? எனக்கே தெரியும்டா. கற்பூரத்த அணைச்சிட்டு வேற கூப்டு. நேரமாவுது."

வாய் தவறியதுதான். நூற்றுக்கு நூறு உண்மை. அம்மன் எதிரில் மட்டுமல்ல, எந்தச் சாமி எதிரில் நிறுத்தினாலும் தாமோதரன் தைரியமாகச் சத்தியம் செய்யக்கூடிய ஒரே விஷயம் அதுதான். தட்டை நோக்கிக் கையை நீட்டவும் செய்தான்.

மதிலுக்கு வெளியே மனோஜ் கற்பூரத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டுவிட்டான். பெயர் கேட்டதும் நாளைக்கென்று தோளில் தூக்கிப் போட்ட வலையைக் கீழே இறக்கினான். ஜெயம்மா தாமோதரனைப் பார்க்கவில்லை. பார்த்தால் இவன் தர்மசங்கடப்படுவான் என்று நினைத்தாளோ என்னவோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.

நீட்டிய கை தட்டுக்கு மேல் நின்றது.

ஜெபத்தில் கேட்ட கதைகள் தாமோதரனுக்கு ஞாபகம் வந்தன. உண்மையை மறைக்காததற்காகச் சிங்கக் குகையில் போட்டார்கள், உண்மையைச் சொன்னதற்காகக் கல்லெறிந்தார்கள். அவன் விஷயம் தலைகீழாக இருந்தது. உண்மையைச் சொன்னால் தப்பித்து வீட்டுக்குப் போய் மீன்குழம்பு சாப்பிடலாம். பொய் சொன்னால்தான் குகை. வேதத்துக்காகப் பாடுபட்டவர்களில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் ஒருவனாவது இருப்பானா என்று யோசித்துப் பார்த்தான். ஒருவரும் அகப்படவில்லை. போகட்டும், எதிலாவது முதல் ஆளாக வரலாம்.

"வாய் தவறல மாமா" என்றான்.

"இன்னாது?"

"தெரிஞ்சுதான் கூப்ட்டேன்."

தருமலிங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு தபா மாட்டிக்கினு முழிச்சியேடா. அத நான் பாக்கலயா?"

"அது தைரியம் வரல. மூணாவது தபா வந்துச்சு."

இவ்வளவு சுத்தமான பொய் தன் வாயில் வரும் என்று தாமோதரனுக்கே தெரியாது. தருமலிங்கம் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தார். சின்ன வயதிலிருந்து பார்த்த பிள்ளை, பைத்தியக்காரத்தனமாக எதையாவது பேசாதே, பெண்டாட்டியை நினைத்துப் பார் என்றெல்லாம் காதோடு சொன்னார். கடைசியில், ஏன்தான்டா என்று கேட்டார்.

"நானும் அவங்களோட ஜெபம் பண்றவன்தான் மாமா. உளவுன்னு சொன்னதுதான் பொய்."

அது ஒன்றாவது உண்மையாக இருந்ததில் அவனுக்கு ஓர் ஆறுதல்.

கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது. தருமலிங்கம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற ஆறு பேரில் ஒருவர், இதையெல்லாம் என்ன கேட்டுக்கொண்டு, மாற்றிக் கூப்பிட்டால் போகிறது என்றார். தருமலிங்கம் அவர் பக்கம் திரும்பி, மண்டை உடைந்த அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்று கேட்டார். பிறகு தாமோதரனிடம் சொன்னார்:

"கூப்பிட்டது கூப்பிட்டதுதான். நாளைக்கு அவ வலை கட்டட்டும். ஆனா இப்பலேருந்தே தள்ளி வெச்சது நாலு வீடு. போ."

மோகன்குமார் மைக்கில் நான்கு வீட்டின் பெயரையும் சொன்னான். தாமோதரனின் பெயரை உச்சரிக்கும்போது நடுவில் மூச்சு வாங்கினான். தள்ளி வைக்கப்பட்டதைவிட அது வலித்தது.

வீட்டில் காந்தா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஜெபத்துக்குப் போனவள் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு விளக்குப் போடுகிறவள். அவளையும் சேர்த்துத்தான் ஊர் தள்ளி வைத்திருந்தது. ஏதாவது திட்டினால் தேவலை என்று தாமோதரன் சட்டியைத் தட்டிப் பார்த்தான், தண்ணீரைக் கொட்டிப் பார்த்தான். பலனில்லை.

விடிந்ததும் தனியாகக் கரைக்குப் போனான். எதிரில் வந்தவர்கள் அவனுக்குப் பின்னால் இருந்த காற்றைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். மனோஜின் படகு முகத்துவாரத்தில் நின்றது. யாரோ ஒருவன் வம்புக்கென்று அந்த இடத்துக்குப் படகை விட்டான். கரையிலிருந்த தருமலிங்கம் துண்டை உதறி அவனைத் தூரப் போகச் சொன்னார். மனோஜ் வலையை இழுத்தபோது உள்ளே இறால் கொதிக்கிற உலை மாதிரித் துள்ளியது.

பிரச்சினை கரைக்கு வந்ததும்தான். கூடை கூடையாக இறால். வாங்குகிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஐஸ் கொடுக்கிறவன் பெட்டியை மூடினான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஜெயம்மா ஈரச்சாக்கை எடுத்துக் கூடைகளின் மேல் போட்டுக்கொண்டிருந்தாள்.

காந்தா அங்கே வந்தாள், விரித்த தலைமுடியோடு. நெற்றியில் பொட்டு இல்லை.

"கோயிலுக்குப் போனேன்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "பூசாரி குங்குமம் குடுக்க மாட்டானாம். அம்மன் இன்னா அவன் பெத்த பொண்ணா? போடான்னு நாலு கேட்டுட்டு வந்தேன்." பிறகு ஜெயம்மாவிடம், "இன்னாக்கா பாத்துகினு நிக்கற. படகுல ஏத்து. பழவேற்காடு மார்க்கெட்ல எவன் வந்து நம்மள தடுக்கறான்னு பாக்கலாம். உங்க சாமிக்காக ஒண்ணும் வர்ல. இறால் கெட்டுப்பூடும்" என்றாள்.

மனோஜ் வலையோடு படகின் முனையில் நிற்க, பெண்கள் இருவரும் கூடைகளுக்கு நடுவில் உட்கார, தாமோதரன் கழி ஊன்றிப் படகைத் தள்ளினான். நடு ஏரிக்கு வந்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை. ஜெயம்மாவைக் கூப்பிட்டு, ஒரு பாவம் செய்துவிட்டேன் அக்கா என்றான். சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன், தெரிந்து கூப்பிடவில்லை, வாய் தவறித்தான் வந்துவிட்டது என்று முழுவதையும் சொல்லி முடித்தான்.

ஜெயம்மா வாயைத் திறந்தபடி அவனைப் பார்த்தாள். காந்தா கூடைமேல் கவிழ்ந்து சிரித்தாள். நேற்று மாலைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அது. அவள் குலுங்கியதில் படகு ஆடியது.

"தோ பாரு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத நீ வெளில சொல்லிகினு திரியாத. ஊர்ல அத்தினி பேரும் காலைல இன்னா பேசினானுங்க தெரியுமா? தாமோதரனுக்கு இம்மாந் தைரியமானு. கல்யாணமாயி இத்தினி வருசத்துல இப்பதான் உன் பேருக்கு ஒரு மரியாத வந்துகீது. கம்னு கழிய போடு."

பொய்யை என்ன செய்வது என்று தாமோதரன் ஜெயம்மாவைக் கேட்டான். அதை ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்றாள் அவள். எங்கே கூடுவது, தன் வீட்டிலா, இனி யார் வீட்டில் ஓடு மிச்சம் இருக்கும் என்று அவன் கேட்கவில்லை. காந்தா காதில் விழும்படி அதைக் கேட்பதற்கு வேண்டிய தைரியம் இன்னும் வரவில்லை. பழவேற்காட்டுப் படகுத்துறை தெரிந்தது. கழியை ஆழமாக ஊன்றித் தள்ளினான்.